மூணு சுழி ண-வும் ஒரு மில்லிமீட்டர் மெனுவும்

லேசர் பிரிண்டர் அங்குலத்துக்கு 300 புள்ளியிலிருந்து 600 புள்ளிக்கு மாறியபோது எழுத்து கூர்மையாச்சு. சின்னதா ஆகலை. புது பிரிண்டர் வாங்கின யாரும் "அச்சு நல்லாத்தான் இருக்கு, ஆனா எழுத்து பாதியா சுருங்கிடுச்சு"ன்னு புலம்பினதில்லை. கம்ப்யூட்டர் திரையில் மட்டும் அந்தக் கூத்து நடந்தது. திரையின் தரம் ஏற ஏற, அதில் ஓடும் மென்பொருளின் மெனுவும் பட்டனும் எறும்பு அளவுக்குப் போயின. விற்பனை விளம்பரத்தில் "கண்ணுக்கு இதம்" என்று போட்ட அதே திரைகளில்தான்.

இதைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் "ஹை ரெசல்யூஷன் திரைன்னா அப்படித்தான் இருக்கும்" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. திரை மேல் ஒரு தப்பும் இல்லை. தப்பு எங்கே என்று பார்க்க முதலில் கொஞ்சம் கணக்கு.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்து மெனு எழுத்து டஹோமா, 8 பாயிண்ட். வழக்கமான அமைப்பில் அது சுமார் 11 பிக்சல் உயரம். 15 அங்குலத் திரையில் 1024 × 768 என்றால் அங்குலத்துக்கு 85 பிக்சல் வரும். அந்த 11 பிக்சல் திரையில் 3.3 மில்லிமீட்டர். செய்தித்தாள் எழுத்து அளவுதான், நிம்மதியாகப் படிக்கலாம். அடுத்து வந்த 15.6 அங்குல, 1366 × 768 லேப்டாப்பில் 2.8 மி.மீ. அதே அளவு லேப்டாப்பில் 1920 × 1080 வந்தபோது 2 மி.மீ. இப்போது 4கே, அதாவது 3840 × 2160. அங்குலத்துக்கு 282 பிக்சல். அதே 11 பிக்சல் இங்கே ஒரு மில்லிமீட்டர்.

ஒரு மில்லிமீட்டர் என்பது எழுத்துக்கு ஒதுக்கிய மொத்த உயரம். அதில் ஆங்கிலப் பெரிய எழுத்து சுமார் 8 பிக்சல்தான் எடுக்கும், அதாவது 0.72 மி.மீ. கண் டாக்டர் அட்டையில் 6/6 வரிசை என்கிறோமே, அந்த எழுத்து நம் கண்ணில் 5 ஆர்க் நிமிடக் கோணம் பிடிக்கும். அரை மீட்டர் தூரத்தில் அந்தக் கோணத்துக்கான உயரம் 0.73 மி.மீ. ஆக, இந்த மெனுவைப் படிப்பதும் கண் பரிசோதனையில் கடைசி வரிசையைப் படிப்பதும் ஒன்று. டாக்டர் முன்னால் ஐந்து எழுத்தை அப்படிப் படிக்கலாம். எட்டு மணி நேர வேலையை அப்படிச் செய்ய முடியுமா? திரை எழுத்துக்கான ஐஎஸ்ஓ 9241 தரத்தில் குறைந்தபட்சமே 16 ஆர்க் நிமிடம். வசதியாகப் படிக்க 20 முதல் 22. நமக்குக் கிடைப்பது குறைந்தபட்சத்தில் மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் குறைவு.

இதெல்லாம் நல்ல கண்ணுக்கான கணக்கு. நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வருவது நோய் இல்லை, வயசு.

சரி, இது எப்படி ஆரம்பித்தது? 1984-இல் வந்த மேக்கின்டாஷ் திரை அங்குலத்துக்கு 72 பிக்சல். அச்சுக்கலையில் ஒரு பாயிண்ட் என்பதும் அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு. ஒரு பிக்சல், ஒரு பாயிண்ட். திரையில் பார்ப்பதும் தாளில் வருவதும் ஒரே அளவு. அழகான ஏற்பாடு. விண்டோஸ் 96 என்ற எண்ணை எடுத்துக்கொண்டது. தாளைவிடத் திரையைத் தள்ளி வைத்துப் பார்க்கிறோம், அதனால் எழுத்து மூன்றில் ஒரு பங்கு பெரிதாக இருக்கட்டும் என்பது அதற்குப் பின்னால் இருந்த நியாயம். 72-ஓடு அதில் மூன்றில் ஒரு பங்கான 24-ஐக் கூட்டினால் 96.

இந்த இரண்டு எண்ணிலும் ஒரு கோளாறும் இல்லை. இரண்டுமே பார்க்கிற கண்ணை யோசித்து வைத்தவை. கோளாறு வந்தது, அவை மாறாத எண்கள் என்று நிரலர்கள் நம்பத் தொடங்கியபோது. "எழுத்து இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்" என்ற எண்ணம் போய், "எழுத்துக்கு 11 பிக்சல்" என்று ஆகிவிட்டது.

இதில் எனக்கு எரிச்சல் தரும் விஷயம், சரியான வழி தெரியாமல் இது நடக்கவில்லை என்பதுதான். விண்டோஸின் டயலாக் பெட்டிகளுக்கு ஆரம்பத்திலிருந்தே டயலாக் யூனிட் என்று ஒரு அளவு உண்டு. அது பிக்சலைக் கணக்கில் எடுப்பதே இல்லை. அகலத்துக்கு, எழுத்துருவின் சராசரி எழுத்து அகலத்தில் நாலில் ஒரு பங்கு. உயரத்துக்கு, எழுத்து உயரத்தில் எட்டில் ஒரு பங்கு. எழுத்து பெரிதானால் பெட்டியும் பட்டனும் தானாகவே பெரிதாகும். தையற்கடைக்காரர் ஆளை அளந்து துணி வெட்டுகிற மாதிரி. விஷுவல் பேசிக்கிலும் இயல்பான அளவு ட்விப்தான், அங்குலத்தில் 1440-இல் ஒரு பங்கு. அதை பிக்சலாக மாற்ற வேண்டுமானால் சிஸ்டத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இருந்தது. ஆனால் 1440-ஐ 96-ஆல் வகுத்தால் 15 வரும் என்று எல்லோருக்கும் மனப்பாடம். கேட்பதற்குப் பதிலாக 15 என்று நேரடியாக எழுதி வைத்தவர்கள் ஏராளம். அந்த 15 இன்னும் எத்தனையோ கடைகளின் பில் போடும் கம்ப்யூட்டரில் உயிரோடு இருக்கிறது.

எச்சரிக்கையும் இல்லாமல் இல்லை. விண்டோஸ் 95-லேயே "லார்ஜ் ஃபான்ட்ஸ்" என்று ஒன்று இருந்தது; 96-க்குப் பதில் 120. அதைப் போட்டால் பாதி மென்பொருள்களில் கீழே இருக்கும் 'ஓகே' பட்டன் பெட்டிக்கு வெளியே போய்விடும். பார்வை குறைந்தவர்கள் மட்டுமே அதைப் போட்டார்கள், அவர்கள் சொன்னதை யார் கேட்டது. 2001-இல் ஐபிஎம் டி220 என்ற 22.2 அங்குல மானிட்டரைக் கொண்டுவந்தது. 3840 × 2400, அங்குலத்துக்கு 204 பிக்சல். இன்றைய கணக்கிலும் நல்ல திரை. விலை சாதாரண ஆள் எட்ட முடியாதது என்பதால் அந்தத் திரையில் மெனு எப்படித் தெரிந்தது என்று பெரும்பாலான நிரலர்கள் பார்க்க வேண்டிய அவசியமே வரவில்லை.

ஆப்பிள் இதை முன்னாலேயே சரிசெய்யப் பார்த்தது. 2005-இல் வந்த மேக் ஓஎஸ் 10.4-இல் எந்த விகிதத்துக்கும் இடைமுகத்தைப் பெருக்கும் சோதனை வசதி, நிரலர்களுக்கான கருவிகளோடு வந்தது. 1.25 என்று வைக்கலாம், 1.5 என்று வைக்கலாம். வைத்தால் கோடுகள் பிசகும், படங்கள் மங்கும், பட்டன்களுக்கு நடுவில் இடைவெளி விழும். மென்பொருள்கள் எல்லாம் பிக்சலில் வரைந்தவை. கடைசியில் அந்தப் பொது வழியைக் கைவிட்டு, சரியாக இரண்டு மடங்கு என்ற ஒரே விகிதத்துக்கு இறங்கி வந்தார்கள். 2010-இல் ஐபோன் 4, அங்குலத்துக்கு 326 பிக்சல். 2012-இல் 2880 × 1800 திரையோடு மேக்புக் ப்ரோ. ஒரு பழைய பிக்சலின் இடத்தில் நாலு புதிய பிக்சல். எழுத்து அளவு மாறவில்லை, கூர்மை மட்டும் கூடியது. தோல்வியை ஒத்துக்கொண்டு சின்ன இலக்கை வைத்துக்கொண்ட நல்ல பொறியியல் என்றுதான் இதைச் சொல்வேன். ஆனால் திரையையும் அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதால்தான் அது முடிந்தது. நூறு கம்பெனி நூறு அளவில் திரை போடும் விண்டோஸ் உலகத்தில் "இரண்டு மட்டும்தான்" என்று சொல்ல முடியாது. அங்கே 125, 150, 175 எல்லாம் வேண்டும்.

விண்டோஸ் செய்தது வேறு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கணும், ஏன்னா பொடி எழுத்தின் ரகசியம் இங்கேதான் இருக்கு.

விஸ்டாவிலிருந்து ஒவ்வொரு மென்பொருளும் "எனக்கு டிபிஐ தெரியும்" என்று சிஸ்டத்திடம் அறிவிக்கலாம். அறிவிக்காத மென்பொருளிடம் விண்டோஸ் ஒரு நல்ல பொய் சொல்லும்: "திரை 96தான், நீ வழக்கம்போல வரைந்துகொள்." அது வரைந்த படத்தை வாங்கி, பெரிதாக்கி, திரையில் ஒட்டிவிடும். விளைவு: எழுத்து கொஞ்சம் மங்கல், ஆனால் அளவு சரி. அறிவித்த மென்பொருள் என்றால் விண்டோஸ் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கிவிடும். "தெரியும்னு நீயே சொல்லிட்ட, பார்த்துக்கோ."

ஆக, படிக்கவே முடியாத பொடி எழுத்து வருவது பழைய, அப்பாவி மென்பொருளில் இல்லை. தெரியும் என்று சொல்லிவிட்டு, உள்ளே 11 பிக்சல் என்றே எழுதி வைத்திருக்கும் மென்பொருளில். சில நேரம் அந்த அறிவிப்பை எழுதியவரும் மென்பொருளை எழுதியவரும் வேறு வேறு ஆட்கள். ஜாவாதான் இதற்கு நல்ல உதாரணம். ஜாவா 8-இல் நிரலை ஓட்டும் கோப்பு "டிபிஐ தெரியும்" என்று அறிவித்திருந்தது. அதற்குள் ஓடும் ஸ்விங் இடைமுகத்துக்கு அது தெரியாது. ஸ்விங்கில் எழுதிய மென்பொருள்கள் 4கே லேப்டாப்பில் பொடியாகப் போயின. அவற்றை எழுதியவர்கள் எதையும் அறிவித்திருக்கவில்லை. 2017-இல் ஜாவா 9 வந்த பிறகுதான் விண்டோஸிலும் லினக்ஸிலும் சரியாச்சு. அதுவரை இணையத்தில் சுற்றிய நாட்டு வைத்தியம் என்ன தெரியுமா? ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரி சேர்த்து, நிரலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோப்பை வைத்து, அந்த அறிவிப்பை வாபஸ் வாங்க வைப்பது. மருந்து முழுவதும் அவ்வளவுதான்: தெரியும்னு சொன்னதை "தெரியாது" என்று மாற்றுவது.

எனக்குத் தெரிந்த ஒரு அலுவலகத்தில் இதை நேரில் பார்த்தேன். ஐம்பது தாண்டிய மேடம் ஒருவர், அங்கே கணக்கு எழுதுபவர். புதுசா 4கே லேப்டாப் கொடுத்திருந்தார்கள். விண்டோஸ் 250 சதவீதத்தில் இருந்தது, பிரௌசர் நன்றாக இருந்தது, ஈமெயில் நன்றாக இருந்தது. அவர் நாள் முழுக்க வேலை செய்யும் கணக்கு மென்பொருள் மட்டும் பொடி. மூக்கு திரையில் இடிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். என்னிடம் சொன்னது இது: "தம்பி, கண்ணாடி பவர் ஏறிடுச்சு போல. ரெண்டு மாசமா தலைவலி. ஆஸ்பத்திரி போகணும்." மென்பொருள் கம்பெனிக்கு போன் போட்டதற்கு, ரெசல்யூஷனைக் குறைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். அலுவலகப் பையன் வந்து 1366 × 768 என்று வைத்துவிட்டுப் போனான். கணக்கு மென்பொருள் பெரிதாச்சு. மற்ற எல்லாமே கசங்கிப் போச்சு. இரண்டு நாளில் அவரே பழையபடி மாற்றிக்கொண்டார்.

இந்த விவகாரத்தில் எனக்குப் பெரிதாகப் படுவது அவர் சொன்ன அந்த வாக்கியம்தான். மென்பொருள் க்ராஷ் ஆனால் மென்பொருளைத் திட்டுவோம். எழுத்து தெரியவில்லை என்றால் கண்ணைத் திட்டிக்கொள்கிறோம். அதனால்தான் இந்தத் தவறு புகாராகப் போய்ச் சேருவதே இல்லை. போனாலும் எடுக்கும் இடத்தில் இருப்பவர் இருபத்தைந்து வயதுக்காரர், அவருக்குத் தெரிகிறது.

ரெசல்யூஷனைக் குறை என்பது ஒரு தீர்வே இல்லை. 3840 புள்ளி வரிசையில் 1366 புள்ளிப் படத்தை நிரப்பினால் ஒரு புள்ளிக்கு 2.8 புள்ளி. முழு எண்ணே வராது, எல்லா ஓரமும் பக்கத்துப் புள்ளியோடு கலந்துவிடும். 1920 × 1080 வைத்தால் சரியாக நாலுக்கு ஒன்று, கூர்மையாக வரலாம். ஆனால் கிராஃபிக்ஸ் டிரைவர்கள் அதையும் வழவழவென்று கலக்கித்தான் காட்டின. 2019-இல்தான் இன்டெல், என்விடியா டிரைவர்களில் கலக்காமல் பெருக்கும் வசதியே வந்தது, அதுவும் புதிய சில்லுகளுக்கு. பழைய வீடியோ கேம் ஆடுபவர்கள் கேட்டுக்கொண்டே இருந்ததால் வந்தது. கணக்கு எழுதுபவர்கள் கேட்டு வந்திருக்காது.

கடைசியில் அவர் லேப்டாப்பில் நான் செய்தது: அந்த மென்பொருளின் ஐகானை ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ் போய், கம்பாட்டிபிலிட்டி பக்கத்தில் ஹை டிபிஐ செட்டிங்கைத் திறந்து, அப்ளிகேஷன் சொல்வதைக் கேட்காதே, சிஸ்டமே பெருக்கட்டும் என்று வைத்தேன். 2017-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு 1703-லிருந்து இந்தப் பகுதியில் "சிஸ்டம்", "சிஸ்டம் என்ஹான்ஸ்டு" என்று இரண்டு தேர்வு உண்டு. பழைய முறையில் வரைந்த மென்பொருள் என்றால் இரண்டாவது சில நேரம் எழுத்தைக் கூர்மையாகவே கொடுக்கும். சில நேரம் படத்தைக் குழப்பும். போட்டுப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும். அவருக்கு முதலாவதுதான் ஒத்துவந்தது. இத்தனை கதவைத் தாண்டி உள்ளே ஒளித்து வைத்திருக்கும் ஒரு தேர்வை, தலைவலியோடு இருக்கும் ஒருவர் எப்படிக் கண்டுபிடிப்பார் என்று விண்டோஸ் செய்தவர்கள் யோசித்த மாதிரி தெரியவில்லை. அதே 1703-இல், மொத்தத்தையும் பெருக்காமல் தலைப்பு, மெனு எழுத்தை மட்டும் பெரிதாக்கும் பழைய வசதியை எடுத்தும்விட்டார்கள். அடுத்த ஆண்டு 1809-இல் எழுத்தை மட்டும் 225 சதவீதம் வரை ஏற்றும் வசதி வேறு உருவத்தில் திரும்பி வந்தது.

பொடி எழுத்தா, மங்கல் எழுத்தா என்று கேட்டால் நான் யோசிக்காமல் மங்கலைத்தான் எடுப்பேன். மங்கலைப் படிக்கலாம். ஆனால் தமிழ் என்று வரும்போது அந்தப் பதில் அவ்வளவு சுலபமாக இல்லை. அந்த மேடத்தின் கணக்கில் வாடிக்கையாளர் பெயர்கள் தமிழில் இருந்தன. ரெண்டு சுழி ன-வுக்கும் மூணு சுழி ண-வுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு சுழி. 12 பிக்சல் அகலத்தில் வரைந்து அதைப் பெருக்கினால் சுழிகளுக்கு நடுவில் உள்ள வெள்ளை இடம் சாம்பலாகிவிடும். அதைவிட மோசம் புள்ளி. 96 கணக்கில் வரையும்போது புள்ளிக்குக் கிடைப்பது ஒன்றோ இரண்டோ பிக்சல். பெருக்கும்போது அது எழுத்தின் தலையோடு கரைகிறது. ஆங்கிலத்தில் ஐ-யின் மேல் புள்ளி காணாமல் போனாலும் சொல்லைப் படித்துவிடலாம். நமக்குப் புள்ளி போனால் மெய் உயிர்மெய் ஆகிவிடும். "கண்ணன்" என்ற பெயரை மங்கலில் பார்த்தால் "கணணன" என்று நிற்கும். பழக்கமான பெயர் என்றால் ஊகிக்கலாம். புது வாடிக்கையாளர் பெயர் என்றால்? நல்ல திரையில் ஒழுங்காக வரைந்தால் தமிழ் மாதிரி சுழியும் வளைவும் நிறைந்த எழுத்துக்குத்தான் அதிக லாபம். 282 பிக்சலில் மூணு சுழியும் தனித்தனியாக, புள்ளி உருண்டையாக, அச்சில் பார்ப்பது போல நிற்கும். பிரௌசரில் நிற்கிறது. பக்கத்து ஜன்னலில் அதே பெயர் கசங்கிக் கிடக்கிறது.

பிரௌசரில் ஏன் சரியாக இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிஎஸ்எஸ்ஸில் பிக்சல் என்ற சொல் இருந்தாலும் அதன் பொருள் வேறு. கையை நீட்டினால் வரும் தூரத்தில், 28 அங்குலம் என்று வைத்திருக்கிறார்கள், 96 டிபிஐ திரையின் ஒரு புள்ளி கண்ணில் எவ்வளவு கோணம் பிடிக்குமோ அதுதான் ஒரு சிஎஸ்எஸ் பிக்சல். போனைக் கிட்டத்தில் பிடித்தால் சின்னது, சுவரில் மாட்டினால் பெரியது. அளவுகோல் கண்ணில் இருக்கிறது, கண்ணாடிப் பலகையில் இல்லை. ஆண்ட்ராய்டும் 2009-இல் 1.6 பதிப்பிலேயே இந்தப் பிரச்சினையைப் பார்த்து, அங்குலத்துக்கு 160 என்ற அடிப்படையில் தனி அளவு வைத்துக்கொண்டது. பலவிதத் திரைகள் வரும் என்று தெரிந்தே பிறந்த உலகம் அது. மேசைக் கம்ப்யூட்டர் மென்பொருள் ஒரே மாதிரித் திரைகளுக்கு நடுவில் இருபது வருஷம் சொகுசாக வளர்ந்த பிள்ளை.

"அப்படியானால் திரையின் உண்மையான அங்குலத்தை அளந்து, எழுத்தை 3 மில்லிமீட்டர் என்று வைத்தால் போதுமே" என்று லினக்ஸ் நண்பர்கள் சொல்வார்கள். போதாது. 55 அங்குல 4கே டிவி அங்குலத்துக்கு 80 பிக்சல்தான். 11 பிக்சல் எழுத்து அங்கே 3.5 மி.மீ. இருக்கும். மூன்று மீட்டர் தள்ளி சோபாவில் உட்கார்ந்து பார்த்தால் அது அரை மீட்டரில் 0.6 மி.மீ. எழுத்துக்குச் சமம். அங்குலம் சரியாக இருந்தும் படிக்க முடியாது. லினக்ஸில் எக்ஸ் சர்வர் திரையின் நிஜ அளவைப் பார்க்காமல் 96 என்றே சொல்வதற்கு இப்படி ஒரு நியாயம் உண்டு. ஆனால் அதற்குப் பிறகு ஆளாளுக்கு ஒரு வழி என்று போனது. ஜிடிகே 3 முழு எண்ணில் மட்டும் பெருக்கும், க்யூட்டி தன் வழியில் பெருக்கும், டிகே-யில் எழுதிய பழைய கருவி எதையும் கண்டுகொள்ளாது. ஒரே திரையில் மூன்று ஜன்னல், மூன்று எழுத்து அளவு. வேலண்டில் ஒன்றரை மடங்கு போன்ற பின்னப் பெருக்கத்துக்குப் பொதுவான நெறி வந்தது 2022 கடைசியில். கிம்ப் ஜிடிகே 3-க்கு மாறி 3.0 என்று வெளிவந்தது 2025 மார்ச்சில். ஜிடிகே 3 வந்தது 2011-இல். சம்பளம் வாங்காமல் எழுதுபவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. காசு வாங்கிக்கொண்டு வருஷா வருஷம் புதுப்பிப்புக் கட்டணமும் போடுபவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

அவர்களிடம் கேட்டால் "பழைய கோட், தொட்டால் உடையும்" என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன், உடையும். ஆனால் தொடவே தெம்பில்லாத கோடுக்கு "டிபிஐ தெரியும்" என்ற அறிவிப்பை யார் ஒட்டச் சொன்னது? அதை எடுத்துவிட்டால் விண்டோஸ் பெருக்கிக் காட்டும். மங்கலாக இருக்கும், வாடிக்கையாளர் "மங்கலா இருக்கு" என்று புகார் கொடுப்பார். பொடியாக இருந்தால் கண்ணாடிக் கடைக்குப் போவார். எந்தப் புகார் கம்பெனிக்கு வந்து சேரும், எது சேராது என்பதுதான் இங்கே முடிவெடுத்திருக்கிறது என்று நினைக்கிறேன். யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டிருக்க மாட்டார்கள். தானாகவே அப்படி அமைந்துவிட்டது.

இந்தத் தொல்லையில் இருப்பவர்களுக்கு இன்னொரு குறிப்பு. ரிமோட் டெஸ்க்டாப் வழியாக சர்வரில் வேலை செய்பவர்கள் மேலே சொன்ன கம்பாட்டிபிலிட்டி வழியைப் போட்டும் பலன் இல்லை என்றால், சர்வரின் வயசைப் பாருங்க. விண்டோஸ் 8.1 தலைமுறைக்கு முந்தைய சர்வர் என்றால் உங்கள் லேப்டாப்பின் 250 சதவீதம் அங்கே போய்ச் சேராது. மொத்த டெஸ்க்டாப்பும் பொடியாகத்தான் வரும். இணைப்பதற்கு முன்னால், டிஸ்ப்ளே பக்கத்தில் உள்ள அளவு நகர்த்தியை முழுத்திரையிலிருந்து 1920 × 1080-க்கு இறக்கி, பிறகு ஜன்னலின் மேல் மூலையில் உள்ள மெனுவில் "ஸ்மார்ட் சைசிங்" போட்டு ஜன்னலைப் பெரிதாக இழுத்துக்கொள்ளுங்கள். மங்கும். புள்ளி வைத்த பெயர்களை மட்டும் ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பார்த்துக்கோங்க.